ஆளில்லாமல் ஆடும் நாற்காலிகள்

"முதல்ல ஏதெர் கையை அவிழ்த்து விடுங்க."

துக்க வீட்டு வாசலில் நின்று யுரானிஸ் சொன்ன முதல் வார்த்தை இதுதான். தோளிலிருந்து பையை இறக்கவில்லை. அம்மாவைக் கட்டிப்பிடித்து அழவில்லை. வெள்ளைத் துணி விரித்த மேசையில், ஆத்மாவுக்கு வைத்த தம்ளர் தண்ணீருக்குப் பக்கத்தில் அப்பாவின் படம் இருந்தது. அதன் முன்னால் போய்ச் சிலுவை அடையாளம்கூடப் போடவில்லை.

எதைக் கேட்கக் கூடாது என்று ஆர்னுல்ஃபோ மாமா தொலைபேசியில் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தாரோ, அதையேதான் கேட்டாள். "வா. அழு. கடைசி நாள் ஜெபத்துல உட்காரு. சாப்பிடு, போ. உங்க அண்ணன் கையைப் பத்தி மட்டும் வாயைத் திறந்துடாதே. தெருவே கொதிச்சுப் போயிருக்கு" என்று சொல்லியிருந்தார். கை கட்டியிருக்கும் விஷயமே அந்த எச்சரிக்கையில்தான் அவளுக்குத் தெரியவந்தது. மறைக்கத் தெரியாத மனிதர்.

நடை முழுக்க ஆடிக்கொண்டிருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாக நின்றன.

ஆற்றங்கரை ஊரான மொம்போஸில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நாற்காலியோடு வருவார்கள். அவரவர் வீட்டுப் பிரம்பு ஆடுநாற்காலியைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிவந்து, நடையிலும் வாசல் நடைபாதையிலும் வரிசையாகப் போட்டுவிடுவார்கள். ஒன்பது நாளும் அவை அங்கேயே கிடக்கும். ஆடிக்கொண்டே ஜெபம் சொல்வார்கள், ஆடிக்கொண்டே இஞ்சிக் காப்பி குடிப்பார்கள், ஆடிக்கொண்டே செத்தவரின் பழைய சண்டைகளைப் பேசிச் சிரிப்பார்கள். எழுந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்து நாற்காலியை நிறுத்திவிட்டுத்தான் நகர வேண்டும். ஆளில்லாத நாற்காலி ஆடினால் அதில் சாவு வந்து உட்காரும். பிறகு அந்த நாற்காலிக்குச் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டுதான் எழுந்திருக்கும். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. நடக்கப் பழகிய குழந்தைக்கே நாற்காலியிலிருந்து இறங்கியதும் கை தானாகப் பின்னால் போகும்.

ஏதெரின் கை போனதில்லை. அவனுக்கு முப்பத்தொரு வயது. பேச்சென்று இருப்பது நாலைந்து சொல். காலி நாற்காலி கண்ணில் பட்டால் ஒற்றை விரலால் ஒரு தள்ளு. அது முன்னும் பின்னும் போகும். அவனும் நின்ற இடத்தில் முன்னும் பின்னும் போவான். கைகள் இரண்டும் தோளுக்குப் பக்கத்தில், ஈரத்துணியை உதறுவதுபோலப் படபடவென்று உதறும். தொண்டைக்குள் ஒரே சுருதியில் ஒரு முனகல் ஓடும். அப்போது அவன் முகத்தில் இருக்கும் நிம்மதி அந்தத் தெருவில் வேறு யார் முகத்திலும் யுரானிஸ் பார்த்ததில்லை. பூசை முடிந்து கோயிலைவிட்டு வருகிறவர்கள் முகத்தில்கூட.

அப்பா தியோஃபிலோ மக்தலேனா ஆற்றில் விசைப்படகு ஓட்டியவர். அவருக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. "இஞ்சின் சும்மா நிக்கும்போதும் படபடன்னு ஓடிக்கிட்டே இருக்கும்ல? அது ஓடட்டும். சத்தமா இருக்குன்னு அணைச்சா, மறுபடி கிளப்ப முடியாம நடு ஆத்துல நிக்க வேண்டியதுதான்" என்பார். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, போகும்போது தங்கள் நாற்காலிகளைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள்.

இப்போது அந்த அப்பா இல்லை.

"என்ன பேச்சு இது, டாக்டரம்மா?" என்றார் ஆர்னுல்ஃபோ மாமா. அம்மாவின் தம்பி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் யுரானிஸ். மனோதத்துவம் படித்துப் பர்ராங்கியா நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அடக்கத்துக்கு விடுப்புக் கிடைக்காமல் ஒன்பதாம் நாளுக்குத்தான் வந்திருக்கிறாள். ஊசி போடத் தெரியாவிட்டாலும் தெருவுக்கு அவள் டாக்டரம்மாதான். பாதி பெருமை, பாதி குத்தல். "வந்ததும் வராததுமா! பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா?"

"அதை அப்புறம் விடறேன். ஏதெர் எங்கே?"

"உள்ளே இருக்கான். சாப்பிட்டான். சுகமா இருக்கான்."

"கை கட்டியிருக்கா, இல்லையா?"

மாமாவின் கை கால்சட்டைப் பைக்குள் போனது. பண்ணைச் சாவிக்கொத்து உள்ளே கிலுகிலுத்தது. பதில் அவரிடமிருந்து வரவில்லை, எனேய்தாவிடமிருந்து வந்தது. எதிர்வீட்டு விதவை, தெருவில் எந்தச் சாவுக்கும் ஜெபம் சொல்கிறவள் அவள்தான். அவள் வந்து முடித்துவைத்தால்தான் ஒன்பதாம் நாள். ஒன்பதாம் நாள் முடியாவிட்டால் செத்தவர் வீட்டைவிட்டுப் போகமாட்டார், அறைக்கு அறை அலைவார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"கட்டாம?" என்று கைவிசிறியைப் படக்கென்று மடக்கினாள் எனேய்தா. "இந்தத் தெருவில இன்னும் எத்தனை நாற்காலி காலியாகணும்? போன வருஷம் என் வீட்டுக்காரர். இப்போ உங்க அப்பா. அன்னிக்குக் காலைல என் கண்ணால பார்த்தேன். உங்க அப்பா நாற்காலி ஆளில்லாம ஆடிக்கிட்டிருக்கு, பக்கத்துல உங்க அண்ணன் கையை உதறிக்கிட்டு நிக்கிறான். மத்தியானத்துக்குள்ள மனுஷன் படகுத்துறையில விழுந்துட்டார். அவனைக் கட்டினாத்தான் நான் இந்த வாசல்படி ஏறி ஜெபம் சொல்வேன்னு சொன்னேன். சொன்னது நான்தான். யாருக்கும் பயப்படலை."

"உங்க வீட்டுக்காரர் சர்க்கரையில செத்தார், எனேய்தா அக்கா. கால் அழுகி, காலை எடுத்து, அப்புறம் செத்தார்."

"சர்க்கரை அவருக்கு இருபது வருஷமா இருந்துச்சு. இருபது வருஷமும் சாகலையே? உங்க அண்ணன் அவர் நாற்காலியைத் தொட்ட வருஷம்தானே செத்தார்?"

சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஆமாம் என்று அசைந்தன. இந்த மாதிரிக் கணக்குக்குப் பதில் சொல்ல எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தருவதில்லை. யுரானிஸின் கட்டைவிரல் நகம் பையின் ஜிப் பல்லின் மேல் ஏறி இறங்கத் தொடங்கியிருந்தது. கர்ர், கர்ர். சின்ன வயதிலிருந்து அவளுக்கு உள்ள பழக்கம். நேர்முகத் தேர்வில் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் வேலை வாங்கினாள்.

"அவன் ஏன் அப்படிப் பண்றான்னு யாராவது கேட்டிருக்கீங்களா?"

"அதுக்கும் ஒரு பேரு வச்சிருப்பாங்களே உங்க புஸ்தகத்துல" என்றார் மாமா.

"பேரு இருக்கு. பேரை விடுங்க. குழந்தை அழுதா தட்டித் தூங்க வைக்கிறோம்ல? அவனுக்கு இந்த உலகம் ரொம்ப சத்தமா, ரொம்ப வெளிச்சமா இருக்கு. அவன் உடம்பு தன்னைத் தானே தட்டிக் கொடுத்துக்குது. அவ்வளவுதான். நீங்களும் பண்றீங்க. இங்க இருக்கிற ஒவ்வொருத்தரும்."

"நாங்களா? நாங்க எப்போ பண்ணினோம்?"

"மாமா, பையிலிருந்து கையை எடுங்க."

கிலுகிலுப்பு நின்றது. மாமா தன் கையை அந்நியன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ரெண்டு கையையும் தொடை மேல வைங்க. நான் ஒரு 'மரியே வாழ்க' ஜெபம் சொல்லி முடிக்கிற வரைக்கும் எதையும் அசைக்காம உட்காருங்க பார்ப்போம்."

"இதென்ன பெரிய வேலையா?" என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதிகூட முடியவில்லை, மாமாவின் இடது முழங்கால் தையல் இயந்திரம்போலக் குதிக்கத் தொடங்கியது. அதை வலது கையால் அமுக்கினார். வலது கால் ஆடியது.

"ஐயோ, ஆர்னுல்ஃபோவுக்குப் பேய் பிடிச்சிடுச்சு!" என்று யாரோ கத்த, துக்க வீடு குலுங்கிச் சிரித்தது. வாசலில் தோமினோ ஆடிக்கொண்டிருந்த ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். "கட்டுங்கப்பா அந்தக் காலை!" "முதல்ல நீ தோமினோக் கட்டையை அடுக்கி அடுக்கிக் கலைக்கிறதை நிறுத்து, அப்புறம் பேசு!" மாமாவே சிரித்துவிட்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், யுரானிஸுக்கு வேலை நடந்துவிடும்போலத் தோன்றியது. இவர்கள் ஒன்றும் கல் இல்லை. அவளைத் தூக்கி வளர்த்தவர்கள்.

எனேய்தா மட்டும் சிரிக்கவில்லை. விசிறியை மடியில் வைத்துவிட்டு, சிரிப்பு தானாக அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நாங்க ஆடறது உட்கார்ந்துக்கிட்டு" என்றாள். "நாற்காலில ஆள் இருக்கு. அவன் ஆட்டறது காலி நாற்காலியை. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமத்தான் அஞ்சு வருஷம் படிச்சியா, மகளே? நீங்க சிரிச்சா என் புருஷன் எழுந்து வந்துடுவாரா? இவ அப்பா வந்துடுவாரா?"

ஒரு நாற்காலி மெல்ல ஆடத் தொடங்கியது, அப்புறம் அடுத்தது. எல்லோரும் ஒரே தாளத்தில் ஆட ஆரம்பித்தார்கள். எனேய்தாவின் விசிறி விரிந்து மடங்கி, விரிந்து மடங்கியது. மாமாவின் கை பைக்குள் போய்விட்டது.

யுரானிஸ் அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

பின்கட்டு அறையில், சமையலறை நாற்காலியில் ஏதெர் உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டில் ஆடாத ஒரே நாற்காலி அது. சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கட்டையும் பழந்துணி சுற்றி, அதன்மேல் தூளிக் கயிற்றால் கட்டி, கயிற்று நுனியை நாற்காலிக் காலில் முடிந்திருந்தார்கள். அவனைக் குளிப்பாட்டியிருந்தது. சவரம் செய்து, எண்ணெய் தடவி வகிடெடுத்துத் தலை வாரியிருந்தது. சட்டை கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. இவ்வளவையும் ஒரே ஆள், ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்துச் செய்து, கடைசியில் கட்டியும் வைத்திருக்கிறாள். நெற்றியில் மட்டும் ஒரு காயம், காய்ந்து கறுத்திருந்தது.

வழி முழுக்க அவன் கத்திக்கொண்டிருப்பான் என்றே நினைத்துக்கொண்டு வந்தாள். கத்தல் காதில் விழாததுதான் அவளைப் பயமுறுத்தியது. ஏதெர் அசையவில்லை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கால் கட்டைவிரல்கூட ஆடவில்லை. தொண்டையில் அந்தச் சுருதி இல்லை.

"ரெண்டு நாள் கத்தினான்" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "மூணாம் நாள் தலையைச் சுவத்துல மோதினான். அப்புறம் அடங்கிட்டான். பாரேன் யூரி, எவ்வளவு அமைதியா இருக்கான். பொறந்ததிலிருந்து இவன் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. குணமாயிட்டானோ என்னவோ."

அம்மா பொய் சொல்லவில்லை. அவள் குரலில் நிஜமாகவே ஒரு ஆச்சரியம் இருந்தது. அதுதான் யுரானிஸைக் குடைந்தது. பர்ராங்கியாவில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சுவரிலும் இரண்டு கைகள் வரைந்து, 'அமைதியான கைகள், கற்கும் கைகள்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏதெரைப் போன்ற குழந்தைகள் கையை உதறினால் மேசையோடு வைத்து அமுக்க வேண்டும். அமுக்குவதற்குப் பட்டம் படித்த பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். முடியாது என்று சொன்னதற்குத் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு எச்சரித்திருந்தாள். அங்கே கயிறு கிடையாது, தழும்பு கிடையாது. மற்றபடி அதே சொல்தான் அங்கேயும்: குணம்.

"அவிழ்த்து விடுங்க அம்மா."

"ஜெபம் முடியட்டும். பொழுது சாஞ்சா முடிஞ்சிடும்."

"முடிஞ்சதும் அவிழ்த்துடுவீங்களா?"

அம்மாவின் விரல் கறுப்பு உடுப்பின் மேல் பித்தானைத் தேடிப் பிடித்தது. திருகியது, விட்டது, திருகியது. அந்தப் பித்தானின் நூல் பாதி தேய்ந்திருந்தது.

"நாளைக்கு உங்க மாமா வந்து பண்ணைக்குக் கூட்டிட்டுப் போறான். அங்க நாற்காலியே கிடையாதாம். தீவனக் கொட்டகை பக்கத்துல ஒரு இடம் ஒழிச்சு வச்சிருக்கானாம்."

"மாட்டுக் கொட்டகையில."

"பக்கத்துல."

"கட்டித்தானே?"

அம்மா குனிந்து ஏதெரின் சட்டைக் காலரை நீவிவிட்டாள். யுரானிஸ் அண்ணனின் முன்னால் போய் மண்டியிட்டாள். அவன் கண் அவளைத் தாண்டிச் சுவரில் இருந்தது. நேராகப் பார்ப்பது அவன் வழக்கம் இல்லைதான். ஆனால் பக்கத்தில் வந்தால் அவள் தலைமுடியை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வான், அதுதான் அவனுடைய வணக்கம். அவள் தலையைக் குனிந்து நீட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"யூரி" என்றாள் அம்மா. "ஒண்ணு சொல்றேன். சத்தம் போடாதே."

"என்ன?"

"அன்னிக்குக் காலைல நாற்காலியை ஆட்டினது இவன் இல்ல."

யுரானிஸ் திரும்பினாள்.

"உங்க அப்பா. இவன் காலைலேர்ந்து அழுதுக்கிட்டே இருந்தான், என்னன்னு தெரியல. உங்க அப்பா காப்பியைக் குடிச்சிட்டு எழுந்தார். நெஞ்சை ஒரு மாதிரி தடவிக்கிட்டார். அப்புறம் கால்ல ஒரு உதை விட்டு நாற்காலியை ஆட்டிட்டு, 'இந்தா மகனே, பார்த்துக்கிட்டு இரு, வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனார். ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனேய்தா வெளியே வந்தப்போ இவன் மட்டும்தான் நின்னுக்கிட்டிருந்தான்."

"நீங்க சொல்லலையா?"

"என்னன்னு சொல்லச் சொல்றே? தன் சாவைத் தானே கூப்பிட்டுக்கிட்டார்னா? தானா உசுரை விட்டவனுக்கு இவங்க ஜெபம் சொல்வாங்களா? ஒருத்தி வருவாளா இந்த வீட்டு நடைக்கு? முப்பத்திமூணு வருஷம் என்னோட இருந்த மனுஷன் இந்த வீட்டுக்குள்ளேயே அலையணுமா?" அம்மாவின் மூச்சு வாங்கியது. "செத்தவருக்குப் பேரு ஒண்ணுதான் மிச்சம். இவனுக்குப் பேரு இருந்தா என்ன, கெட்டா என்ன? இவனுக்குத் தெரியவா போகுது?"

"தெரியுது அம்மா. பாருங்க. தெரியுது."

"நீ பேசுவே. சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை போறவ. அடக்கம் முடிஞ்ச அன்னிக்குக் கூரை மேல கல்லு விழுந்துச்சு. உன் தலை மேலயா விழுந்துச்சு?"

கல் விழுந்தது நிஜம்தான். அதற்குப் பயந்து ஒரு கிழவி தனியாகக் கிடந்ததும் நிஜம்தான். கோபத்தை யார் மேல் கொட்டுவது என்றே தெரியவில்லை. அப்பா மேல்கூட வந்தது. வலியை மறைத்து, மகனுக்கு ஒரு நாற்காலியை ஆட்டிவிட்டுவிட்டு, ஆற்றுக்குப் போய்ச் செத்துப்போனவர். அவர் செய்த கடைசி நல்ல காரியம், மகன் கழுத்தில் விழுந்த சுருக்கு.

சமையல் மேடையில் பாலாடைக்கட்டி வெட்டிய கத்தி கிடந்தது. எடுத்து வந்தாள். அம்மா தடுக்கவில்லை. "எனேய்தாவுக்குக் கேட்கும், எனேய்தாவுக்குக் கேட்கும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிச்சு ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது; அறுக்கத்தான் வேண்டியிருந்தது. துணியைப் பிரித்தபோது தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. ஏதெர் முகம் சுளிக்கவில்லை.

கைகள் இரண்டும் மடியில், வைத்த இடத்திலேயே இருந்தன. ஒன்றோடு ஒன்று ஒட்டி.

அவள் ஒரு கையைத் தூக்கினாள். விட்டாள். பொத்தென்று விழுந்தது.

"ஏதெர். அண்ணா. கையை உதறு. இப்படி." அவளே தோளுக்குப் பக்கத்தில் கைகளை வைத்து உதறிக் காட்டினாள். அந்தச் சுருதியை முனகிப் பார்த்தாள். பட்டம் வாங்கிய ஒரு பெண் மண்டியிட்டுக் கையை உதறிக்கொண்டிருப்பதை வெளியே இருந்தவர்கள் பார்த்திருந்தால் அவளுக்கும் ஒரு கயிறு தேடியிருப்பார்கள். அவன் பார்க்கவில்லை.

அறை மூலையில் அப்பாவின் ஆடுநாற்காலி, சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. யுரானிஸ் அதை இழுத்து வந்து ஏதெருக்கும் சுவருக்கும் நடுவில் போட்டாள்.

"வேண்டாம்" என்றாள் அம்மா. "யூரி, ஒன்பதாம் நாள். வேண்டாம்டி."

யுரானிஸின் கை கைப்பிடியின்மேல் நின்றுவிட்டது. எவ்வளவு படித்தும் அந்தக் கை இந்தத் தெருவின் கைதான். நிறுத்தப் பழகியதே தவிர, தள்ளப் பழகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள்.

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டாள். நாற்காலி ஆடியது. பிரம்பு கிறீச்சிட்டது. தரை ஓட்டில் அதன் வளைந்த கால்கள் போய்வந்தன. பிறந்ததிலிருந்து ஏதெருக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததில்லை. அப்பாவின் நாற்காலி, காலியாக, கண்ணுக்கு நேரே, அவனுக்காகவே ஆடிக்கொண்டிருந்தது.

அவன் கண் அதில் பட்டது. பட்டது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கண் விரிந்தது. தோள் ஒரு துடிப்புத் துடித்தது. மடியிலிருந்து கைகள் எழுந்தன.

கைகள் தோளுக்குப் போகவில்லை. மணிக்கட்டோடு மணிக்கட்டைச் சேர்த்து, ஏதெர் அவற்றை முன்னால் நீட்டினான். கட்டுவதற்கு வசதியாக.

"பார்த்தியா" என்று அம்மா விம்மினாள். "பார்த்தியா, அவனே கேட்கறான்." குனிந்து தரையில் கிடந்த கயிற்றைத் தேடினாள்.

யுரானிஸ் கயிற்றை மிதித்துக்கொண்டாள். நாற்காலி தானாக நிற்கும்வரை நின்றாள். அதற்குள் அவளுக்குள் எல்லாம் முடிந்திருந்தது. அழுகை வரவில்லை. வாதமும் இனி இல்லை.

"என்னோட வர்றான்" என்றாள்.

"எங்கே? உன் ரூமுக்கா? பொம்பளைங்க மட்டும் தங்கற வீடுன்னு சொன்னியே. அந்த வீட்டுக்காரி ஒரு நாள் வச்சிருப்பாளா இவனை?"

"வச்சிருக்க மாட்டா."

"வேலைக்குப் போனா யார் பார்ப்பா?"

"வேலை போயிடும்."

"அப்புறம்?"

"தெரியாது அம்மா."

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. வீட்டுக்காரி வெளியே போ என்பாள். பள்ளிக்கூடம் அடுத்த வருடத்துக்குக் கையெழுத்துப் போடாது. கடைசியில் அரசாங்க விடுதி ஒன்று மிஞ்சும். படிக்கும்போது பயிற்சிக்காக அங்கே போயிருக்கிறாள். கயிறு இல்லை, காலையில் ஒரு கரண்டி மருந்து, சாயங்காலம் ஒரு கரண்டி, எல்லாக் கைகளும் அமைதி. அங்கே விடக் கூடாது என்பது மட்டும்தான் நிச்சயம். மற்ற எதற்கும் அவளிடம் வழி இல்லை. ஆனாலும் பேருந்திலிருந்து இறங்கும்போதே சதுக்கத்து வாடகைக் கார்க்காரனிடம், திரும்பிப் போக இரண்டு இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ஏதெரின் அக்குளில் கை கொடுத்து எழுப்பினாள். எழுந்தான். நீட்டிய கைகளை இறக்கவில்லை.

அம்மா ஒரு பையில் அவன் சட்டைகளைத் திணித்தாள். மடித்துத் திணித்தாள். சவரக் கத்தியை ஒரு துண்டில் சுற்றி வைத்தாள். வாசலில் மறித்து நிற்பாள் என்று எதிர்பார்த்த யுரானிஸிடம் பையைக் கொடுத்துவிட்டு, பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"திரும்பக் கொண்டு வந்துடாதே. என்னால மறுபடியும் கட்ட முடியாது."

பித்தான் கையோடு வந்துவிட்டது. அம்மா அதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடையில் ஜெபம் தொடங்கியிருந்தது. எனேய்தா முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் ஆடிக்கொண்டே மறுபாதியைச் சொன்னார்கள். அறைக் கதவு திறந்தது. ஏதெர் வெளியே வந்தான். மணிக்கட்டில் கயிறு இல்லை.

"அவிழ்த்துட்டா!" என்றது ஒரு குரல்.

ஜெபம் பாதியில் அறுந்தது. முதலில் எழுந்தது எனேய்தா. விசிறி கீழே விழுந்தது. அடுத்து பக்கத்து நாற்காலி, அதற்கடுத்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள், கதவு வழியாகத் தெருவுக்குப் பாய்ந்தார்கள். "ஏய், தொடாதே, தொடவிடாதே!" காப்பித் தம்ளர் உருண்டது. மாமா சாவிக்கொத்தோடு சேர்த்துப் பையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, நீ செய்யறது..." என்று ஆரம்பித்து, ஏதெர் பக்கத்தில் வந்ததும் வாக்கியத்தை விட்டுவிட்டு விலகினார்.

அத்தனை அவசரத்தில் யாருடைய கையும் பின்னால் போகவில்லை.

நடையின் இரண்டு பக்கமும், வாசல் தாண்டி நடைபாதை நெடுக, தெருவின் எல்லா நாற்காலிகளும் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று முன்னால் போக ஒன்று பின்னால் வர, கிறீச் கிறீச்சென்று, சாய்வெயிலில் அவற்றின் நிழல்களும் சேர்ந்து ஆடின. இப்படி ஒரு காட்சியை ஏதெர் வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இனிமேலும் எங்கும் கிடைக்காது.

யுரானிஸ் ஒரு விநாடி நடையைத் தளர்த்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஏதெர் சேர்த்துப் பிடித்த தன் மணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். தலை எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆடுகிற நாற்காலிகள் எதையும் நிறுத்தாமல், அவற்றின் நடுவே நடந்து, தெருவில் இறங்கினாள்.